இஞ்சின் இழுக்கவில்லை

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கத்தின் செயலாளர் போன் செய்து, "டெக்னிக்கலாவும் இருக்கணும், பசங்க தூங்கவும் கூடாது, கால் மணி நேரத்துல முடிச்சுடணும், ஏன்னா அதுக்கப்புறம் சாப்பாடு" என்று மூன்று நிபந்தனை போட்டார். மூன்றாவதை மட்டும் உறுதியாகக் காப்பாற்றுவேன்.

நான் 2011-இல் இங்கிருந்து மெக்கானிக்கல் முடித்து வெளியேறியவன். அப்போது இது புதுச்சேரி பொறியியல் கல்லூரி. 2020-இல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் ஆகிவிட்டது. பிள்ளைச்சாவடி கடற்காற்று மட்டும் அப்படியே இருக்கிறது. காலையில் வந்து இறங்கியதும் அதைத்தான் முதலில் சரிபார்த்தேன். இப்போது சென்னைப் பக்கம் பம்பு தயாரிக்கும் கம்பெனி ஒன்றில் வேலை. இந்த மாதிரி மேடைகளில் பேசுகிறவர்கள் வழக்கமாகத் தாங்கள் சாதித்ததைப் பற்றிப் பேசுவார்கள். நான் தப்பாகக் கண்டுபிடித்த ஒரு கோளாறைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அதற்குக் கொடுத்த விலை பதினோராயிரத்துச் சொச்சம் ரூபாய். கொடுத்தது நானல்ல, என் மாமா.

மாமாவுக்குப் பாகூர் பக்கம் இரண்டு காணி நிலம். டவுனிலிருந்து தெற்கே இருபது கிலோமீட்டர். புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்று பாடப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்தில், அதாவது ஒன்பதாம் நூற்றாண்டிலேயே, அங்கே ஒரு வித்யாஸ்தானம், அதாவது கல்லூரி, இருந்தது. அதற்கு மூன்று கிராமங்களை மானியமாக விட்டதைப் பாகூர்ச் செப்பேடு சொல்கிறது. நம் கல்லூரிக்கு ஆயிரத்து நூறு வருஷம் சீனியர். அந்தக் கல்லூரியின் பழைய மாணவர் சங்கத்துக்கு என்ன ஆயிற்று என்று தெரியவில்லை!

நிற்க. மாமாவிடம் ஒரு பவர் டில்லர் உண்டு. டவுன் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். இரண்டு சக்கரம், நீளமான இரண்டு கைப்பிடி, பின்னால் மண்ணைக் கிளறும் ரோட்டரி, ஓட்டுகிறவர் உட்கார ஒரு சின்ன சீட். முன்னால் படுக்கை வாட்டத்தில் ஒற்றை சிலிண்டர் டீசல் இஞ்சின், தண்ணீரால் குளிர்வது, 12, 13 குதிரைத்திறன். பெங்களூரின் வி.எஸ்.டி. மிட்சுபிஷியோடும், கேரளத்து அத்தாணியில் உள்ள காம்கோ குபோட்டாவோடும் சேர்ந்து ஜப்பான் நுட்பத்தில் இவற்றைச் செய்ய ஆரம்பித்தன. மாமாவுடையது எந்தக் கம்பெனி என்று சொல்ல மாட்டேன். ஏனென்றால் தப்பு வண்டியின்மேல் இல்லை. நீங்கள் நினைவில் வைக்க வேண்டியது ஒன்றுதான்: டீசல் டேங்க் இஞ்சினுக்கு மேலே உட்கார்ந்திருக்கும், டீசல் தன் எடையால் தானே பில்டருக்கும் பம்புக்கும் இறங்கும். காரில் இருப்பதுபோல டேங்கிலிருந்து தள்ளிவிடத் தனிப் பம்ப் கிடையாது.

2015 நவம்பர், டிசம்பர் மழையை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். சென்னையே மூழ்கியது. எங்கள் கம்பெனிக்கு லீவு விட்டார்கள், நான் ஊருக்கு வந்துவிட்டேன். மாமா கூப்பிட்டார். கொட்டகை ஒழுகி, டில்லர் நனைந்து, ஸ்டார்ட் ஆகவில்லை. போய்ப் பார்த்தேன். டேங்க் மூடியின் பழைய வாஷர் பிய்ந்து, மழைத்தண்ணீர் உள்ளே போயிருந்தது. டேங்கைக் காலி செய்து, பில்டர் கிண்ணத்தைக் கழற்றிக் கழுவி, ஏர் எடுத்து, ஹேண்டிலைச் சுற்றினேன். நாலாவது சுற்றில் இஞ்சின் பிடித்துக்கொண்டது. தெருவே வேடிக்கை பார்த்தது. "படிச்ச புள்ள படிச்ச புள்ளதான்" என்றார் பக்கத்து வீட்டுப் பெரியவர்.

அந்தப் பெருமையில் மிதந்தபடி ஒரு யோசனையும் சொன்னேன். "மாமா, பழைய டியூப் ரப்பர்ல மூடிக்கு உள்ள வட்டமா ஒண்ணு வெட்டிப் போடுங்க. மொத்தமா மூடணும். ஒரு சொட்டு தண்ணி உள்ள போகக்கூடாது." மாமா கத்தரிக்கோலை எடுத்து அழகாக வெட்டிப் போட்டார். நான் பஸ் ஏறிவிட்டேன்.

வயல் முழுக்கத் தண்ணீர் நின்றதால் டில்லருக்கு அப்புறம் ஒரு மாதம் வேலையே இல்லை. 2016 பொங்கல் லீவுக்கு வந்தேன். நவரைப் பட்டத்துக்குச் சேடை ஓட்டிக்கொண்டிருந்தார்கள். நாற்று தயாராக நிற்கிறது, நடவு ஆளுக்கு நாள் சொல்லியாகிவிட்டது. மாமா முகம் சரியில்லை.

"இழுக்க மாட்டேங்குது மாப்ள. ஓட்ட ஆரம்பிச்சா கொஞ்ச நேரம் நல்லா போவுது. அப்பறம் அப்படியே அமுங்குது. நிறுத்திட்டு ஒரு டீ குடிச்சிட்டு வந்தா மறுபடியும் நல்லா இருக்குது."

"வேற?"

"டீசல் ஊத்தினா உடனே தெளிஞ்சுடுது. ஆனா ஒண்ணு, டேங்க் நெறைய ஊத்தினா அஞ்சு நிமிஷத்துல அமுங்குது. பாதி டேங்க் இருந்தா அரை மணி நேரம் தாங்குது. இன்னா கதைன்னே தெரியல."

நான் சிரித்துவிட்டேன். நிறைய டீசல் இருந்தால் சீக்கிரம் பவர் குறையுமாம், குறைவாக இருந்தால் நிற்குமாம்! எந்தப் புத்தகத்தில் இருக்கிறது இது? மாமாவுக்கு ஏதோ மனப்பிராந்தி என்று அந்த வாக்கியத்தை அப்படியே தள்ளிவிட்டேன். மீதியை வைத்துக்கொண்டு தர்க்கம் செய்தேன். கொஞ்ச நேரம் ஓடினால் இஞ்சின் சூடாகிறது. சூடானதும் பவர் போகிறது. ஆறினால் வருகிறது. வண்டிக்கு ஒன்பது வயது. அவ்வப்போது ஆயில் வேறு ஊற்றுகிறார்கள். ஆகவே ரிங் தேய்ந்து கம்ப்ரஷன் லீக். தீர்ப்பு: இஞ்சினை இறக்கிக் கட்ட வேண்டும்.

தம்பி தங்கைகளே, இதில் எங்கே தப்பு என்று பாருங்கள். "நேரம் ஆக ஆக" என்று மாமா சொன்னார். "சூடு ஏற ஏற" என்று நான் கேட்டுக்கொண்டேன். ஓடுகிற இஞ்சினில் நேரம் ஆனால் சூடும் ஏறும். ஆனால் இரண்டும் ஒன்றல்ல. நேரம் ஆனால் வேறு எத்தனையோ நடக்கும். டேங்கில் டீசல் குறையும், அழுக்கு பில்டரில் ஒட்டும், பெல்ட் தளரும். தவிர, ரிங் தேய்ந்த இஞ்சின் பெரும்பாலும் குளிர்ந்திருக்கும்போதுதான் அதிகம் மக்கர் செய்யும், காலையில் ஸ்டார்ட் ஆகாமல் உயிரை வாங்கும். மாமாவின் வண்டி காலையில் இரண்டு சுற்றில் கிளம்பிக்கொண்டிருந்தது. அதைக் கண்ணால் பார்த்தும் பார்க்கவில்லை.

புகையையும் பார்க்கவில்லை. டீசல் இஞ்சினுக்குச் சுமை ஏறினால் கவர்னர் அதிக டீசலைக் கொடுக்கும். அப்படியும் திணறினால் குழாயில் கறுப்புப் புகை வர வேண்டும். ஏர் கிளீனர் அடைத்திருந்தாலும் கறுப்புதான். ஆயில் எரிந்தால் நீலம். மாமாவின் டில்லர் அமுங்கும்போது புகையே மெலிந்துபோனது. அப்படியென்றால் டீசலே போய்ச் சேரவில்லை என்று பொருள். மூன்றாம் ஆண்டு மாணவன் சொல்லிவிடுவான். நான் அப்போது நாலு வருஷம் அனுபவமுள்ள இஞ்சினியர்.

பக்கத்து ஊர் ஒர்க் ஷாப்புக்கு ஏற்றிப்போனோம். மெக்கானிக் நல்ல மனுஷன். "நீலமா பொக வருதா சார்?" என்று கேட்டார். "ரிங்தான், கழட்டுங்க" என்றேன். ஹெட்டைக் கழற்றியதும் லைனரில் விரல் வைத்துத் தடவி, "சார், இதுல இன்னும் ஒரு கோடுகூட விழல" என்றார். அங்கேயாவது நிறுத்தியிருக்கலாம். "கழட்டினது கழட்டியாச்சு, எல்லாத்தையும் மாத்திடுங்க" என்றேன். லைனர், பிஸ்டன், ரிங், கேஸ்கெட், கூலி. மூன்று நாள். நடவு ஆட்கள் வேறு வயலுக்குப் போய்விட்டார்கள். அத்தையின் கழுத்துச் செயின் அடகுக்குப் போனது எனக்கு அன்றைக்குத் தெரியாது.

ஒர்க் ஷாப்பில் வண்டி அருமையாக ஓடியது. சுமையில்லாமல் ஓட்டினால் டீசல் எவ்வளவு குடித்துவிடப் போகிறது? வயலில் இறக்கினோம். பத்து நிமிஷம் ஜோர். பதினைந்தாவது நிமிஷம், அதே அமுங்கல். மாமா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அது திட்டியதைவிட மோசமாக இருந்தது.

நிறுத்தினால் மறுபடி கிளப்ப வேண்டுமே என்று இஞ்சினை அணைக்காமல், ரோட்டரியைச் சேற்றில் வைத்தபடியே அத்தையை டீசல் கேனோடு கூப்பிட்டார். அத்தை வரப்பிலிருந்து இறங்கி வந்து மூடியைத் திருகினார். கொஞ்சம் முரண்டியது. இன்னொரு திருகு. 'ஸ்ஸ்ஸ்' என்று ஒரு சத்தம். கேன் இன்னும் அத்தையின் இடுப்பில்தான் இருந்தது, ஒரு சொட்டு டீசல்கூட ஊற்றவில்லை. இஞ்சின் 'டுப்... டுப்...' என்று இழுத்துக்கொண்டிருந்தது, அடுத்த சில வினாடியில் 'டுபுடுபுடுபு' என்று தெளிந்துவிட்டது.

வரப்பில் நின்றுகொண்டிருந்த எனக்கு வயிற்றைக் கலக்கியது.

இந்த மாதிரி டேங்க் மூடியில் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு காற்றுத் துவாரம் உண்டு. டீசல் இறங்க இறங்க அந்த இடத்துக்குக் காற்று வர வேண்டும். நான் சொல்லி, மாமா வட்டமாக வெட்டிப்போட்ட ரப்பர் அந்தத் துவாரத்தை மூடியிருந்தது. ஒரு சொட்டு தண்ணீரும் போகவில்லை, ஒரு மூச்சு காற்றும் போகவில்லை.

அன்று இரவு தூக்கம் வராமல் கணக்குப் போட்டேன். டேங்க் 11 லிட்டர். நிறைய ஊற்றினால் 10 லிட்டர் டீசல், மேலே 1 லிட்டர் காற்று. டீசல் மட்டத்துக்கும் பம்புக்கும் உயர வித்தியாசம் சுமார் ஒரு அடி. ஒரு அடி டீசல் தரும் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தில் ஏறக்குறைய 40-இல் ஒரு பங்கு. உள்ளே இருக்கும் காற்றின் அழுத்தம் அந்த அளவு குறைந்தால் போதும், டீசல் தானாக இறங்காது. பாயில் விதி. 1662-இல் சொன்னது. பிரெஞ்சுக்காரர்கள் இதை மரியோத் விதி என்பார்கள். இந்த ஊரில் இருந்துகொண்டு அதைச் சொல்லாமல் விட முடியாது. 1 லிட்டர் காற்று 40-இல் ஒரு பங்கு விரிய, 25 மில்லி டீசல் வெளியேறினால் போதும். சேடை ஓட்டும்போது மணிக்கு ஒன்றரை லிட்டர் என்று வைத்துக்கொண்டால், நிமிஷத்துக்கு 25 மில்லி. அதாவது ஒரே நிமிஷம்!

பாதி டேங்கில் மேலே ஐந்தரை லிட்டர் காற்று. அது அதே அளவு விரிய 140 மில்லி டீசல் போக வேண்டும். ஐந்தரை நிமிஷம். வயலில் இதைவிட அதிக நேரம் தாங்கியதற்குக் காரணம், ரப்பர் ஓரத்தில் கொஞ்சம் காற்று கசிந்தது, பம்பும் தன் பங்குக்குக் கொஞ்சம் உறிஞ்சும். ஆனால் விகிதத்தைப் பாருங்கள். நிறைய ஊற்றினால் ஐந்து நிமிஷம், பாதி இருந்தால் அரை மணி. மாமா சொன்னது மனப்பிராந்தி இல்லை. கோளாறின் முழு விலாசத்தையும் அவர் சொல்லியிருந்தார். டீ குடித்துவிட்டு வந்தால் சரியானது இஞ்சின் ஆறியதால் அல்ல. அந்தப் பத்து நிமிஷத்தில் ரப்பர் ஓரமாகக் காற்று மெல்ல உள்ளே கசிந்ததால்.

இதில் இன்னொரு வேதனை உண்டு. நம் கல்லூரி இஞ்சின் லேபில் ஒற்றை சிலிண்டர் இஞ்சினில் டீசல் அளந்தது ஞாபகம் இருக்கிறதா? கண்ணாடி ப்யூரெட்டில் 10 சி.சி. இறங்க எத்தனை வினாடி என்று ஸ்டாப் வாட்ச்சைப் பிடித்துக்கொண்டு நிற்போமே. அந்த ப்யூரெட்டின் வாய் மேலே திறந்தே இருக்கும். ஏன் திறந்திருக்கிறது என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. கெமிஸ்ட்ரி லேபில் பிப்பெட்டின் வாயை விரலால் மூடி அமிலத்தை நிறுத்தியதும் இதே கைதான்.

இப்போதெல்லாம் யாராவது "இஞ்சின் இழுக்கல" என்றால் நான் ஸ்பானரைத் தொடுவதில்லை. முதலில் கேட்பது, அமுங்கும்போது இஞ்சின் சத்தம் குறைகிறதா, இல்லை சத்தம் நன்றாக இருந்து சக்கரம் மட்டும் தயங்குகிறதா என்பது. சத்தம் நன்றாக இருந்தால் இஞ்சின்மேல் பழி இல்லை. பெல்ட் நழுவுகிறது, அல்லது கிளட்ச். பெல்ட்டில் டீசல் பட்டு வழவழப்பானதற்கெல்லாம் இஞ்சினை இறக்கியவர்கள் உண்டு. சத்தம் குறைந்தால் புகையின் நிறத்தைக் கேட்பேன். அப்புறம் காசு செலவாகாதவை எல்லாம்: மூடியைத் தளர்த்திப் பார், ஏர் கிளீனரைத் திறந்து பார், பில்டரிலிருந்து வரும் டியூபைக் கழற்றி டீசல் கொட்டுகிறதா சொட்டுகிறதா என்று பார். சைலன்சர் வாயையும் பார்க்கச் சொல்வேன். மாதக்கணக்கில் சும்மா நின்ற வண்டியில் குளவி கூடு கட்டியிருக்கும். வால்வ் இடைவெளி, நாசில் எல்லாம் இதற்கும் பிறகு. ரிங், லைனர் கடைசி. ஹேண்டிலைக் கையால் சுற்றும்போது கம்ப்ரஷன் கையை எதிர்த்துத் தள்ளுகிறதா என்று பார்த்தாலே அது பாதி தெரிந்துவிடும்.

மூடிதான் எல்லாவற்றுக்கும் மருந்து என்று நினைத்துவிடாதீர்கள். எனக்கும் கொஞ்ச நாள் அந்தப் பைத்தியம் பிடித்திருந்தது. நம் பேட்ச் நண்பன் ஒருவன் அமெரிக்காவில் வீடு வாங்கி, அரை ஏக்கர் புல்லை வெட்ட உட்கார்ந்து ஓட்டும் மெஷின் வாங்கினான். இங்கே இருந்தவரை தன் சைக்கிளுக்குக் காற்றுகூட அடிக்காதவன். ஒரு சனிக்கிழமை போன்: "மச்சான், அரை மணி நேரம் வெட்டினா பவர் போயிடுது, கொஞ்சம் விட்டா வருது." ஆஹா, பழைய நண்பர் வந்துவிட்டார் என்று, "மூடியைத் தளர்த்துடா" என்றேன். தளர்த்தினான். ஒன்றும் ஆகவில்லை. பத்து நிமிஷம் நிறுத்திப் பார்த்தான், சரியாகவில்லை. ஒரு மணி நேரம் விட்டால்தான் சரியானது. அங்கேதான் எனக்கு விழிப்பு வந்தது. அது பெட்ரோல் இஞ்சின், காற்றால் குளிர்வது. மேல் தகரத்தைக் கழற்றிப் பார்க்கச் சொன்னேன். சிலிண்டரைச் சுற்றியுள்ள குளிர்விக்கும் தகடுகளுக்கு இடையே இரண்டு வருஷத்துக் காய்ந்த புல் தலையணை போல அடைந்திருந்தது. மாமாவிடம் நான் சொன்ன பொய்க் காரணம், சூடு, இவனிடம் நிஜக் காரணமாக இருந்தது. குச்சியால் புல்லை நோண்டி எடுத்துப் போட்டான். செலவு இல்லை.

மாமா கதைக்கு வருகிறேன். அன்று வயலில் நான் என்ன செய்தேன் தெரியுமா? அத்தை கையிலிருந்து மூடியை வாங்கி, அந்த ரப்பரை உருவி, யாரும் பார்ப்பதற்குள் பேன்ட் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன். "மூடியில ஓட்டை அடைச்சிருக்கு மாமா, சேறு போல" என்றேன். ஒரு குண்டூசியை வாங்கி, அடைக்காத ஓட்டையைக் குத்திச் சுத்தம் செய்வதுபோல நடித்தேன். மாமா ஒன்றும் சொல்லவில்லை. அன்று மாலைக்குள் சேடை முடிந்தது. நடவு ஒரு வாரம் தள்ளிப்போய், நாற்று கொஞ்சம் முற்றித்தான் நட்டார்கள்.

செயின் விஷயம் அம்மா மூலம் தெரிந்தபோது மனசு கேட்கவில்லை. மீட்கிற பணத்தை எடுத்துக்கொண்டு போனேன். மாமா திண்ணையில் இருந்தார். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், "மாமா, அன்னிக்கு அது சேறு இல்ல. நான் போடச் சொன்ன ரப்பர்தான்" என்று போட்டு உடைத்தேன்.

"தெரியும் மாப்ள" என்றார். "வெட்டினவன் நான்தான, எனக்குத் தெரியாதா? மூடியத் திருப்பிக் குடுக்கும்போது ரப்பரக் காணமே."

"அப்ப ஏன் மாமா கேக்கல?"

"நீ குண்டூசி வெச்சு நோண்டிக்கினு இருந்தியே, அதப் பாக்கவே பாவமா இருந்துச்சு."

பணத்தை அவர் வாங்கவில்லை. அத்தை வாங்கிக்கொண்டார். டில்லர் இன்னும் ஓடுகிறது. நான் போட வைத்த புது பிஸ்டன் ஆயிற்றே, ஓடாமல் என்ன செய்யும்? மழைக்காலத்தில் மாமா மூடியின்மேல் ஒரு தேங்காய்ச் சிரட்டையைக் கவிழ்த்து வைக்கிறார். தண்ணீரும் போகாது, காற்றும் நிற்காது. இது அவருடைய சொந்த டிசைன். என்னைக் கேட்கவில்லை.

செயலாளர் கையைக் கடிகாரத்தில் வைத்துவிட்டார். தம்பி தங்கைகள் யாராவது லேபில் அந்த ப்யூரெட்டை மூடிப் பார்க்க விரும்பினால், லேப் உதவியாளரைக் கேட்டுவிட்டு மூடுங்கள். இஞ்சின் நின்று போகும், ஏர் எடுக்கிற வேலை அவர் தலையில் விழும். மற்ற கேள்விகளைச் சாப்பாட்டுப் பந்தியில் வைத்துக்கொள்ளலாம்.